மடியில் மூன்று பியூஸ்

ஐயா,

கரண்ட் இருக்கும்போது யாரும் லைன் இன்ஸ்பெக்டரை நினைப்பதில்லை. போனால்தான் எங்கள் ஞாபகம் வரும், அதுவும் பெற்றவர்களையும் சேர்த்து. பத்தொன்பது வருஷ சர்வீஸில் அந்த ஏச்சை அதிகம் வாங்காதவன் நான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. போன வருஷம் வைகாசித் தேரன்று கம்பத்தில் இறந்துபோன லைன்மேன் சின்னப்பையனின் மனைவி மேரி இதுவரை நான்கு மனு கொடுத்திருக்கிறார். புருஷன் மேல் தப்பில்லை, அவர் குடித்திருக்கவில்லை, பதிவைத் திருத்துங்கள் என்று. அந்த நான்கு மனுவும், அவற்றைத் தள்ளிவிடலாம் என்று எங்கள் செக்‌ஷனிலிருந்து வந்த நான்கு அறிக்கையும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றனவே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் மனுக்களைப் பார்க்கும் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. இரண்டையும் எழுதியவன் நான்தான்.

கேட்டது அவ்வளவுதான். இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். அந்த அம்மாளுக்கு எழுத்து கூட்டி எழுதத்தான் வரும், இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்தேன், அறிக்கை எழுதுவது என் உத்தியோகக் கடமை. அப்படித்தான் முதலில் எழுதினேன். இரக்கம் என்ற சொல்லை என் கையெழுத்தில் பார்த்ததும் கூசிப்போய்க் கிழித்துவிட்டேன். அதனால் முழுவதையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் ஜீவந்தரன். தாமல் பக்கத்துச் சமணக் குடும்பம். தண்ணீரை வடிகட்டிக் குடிப்போம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்போம், எறும்பைப் பார்த்துக் கால் வைப்போம். நான் இந்த வேலையில் சேர்ந்தபோது அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஏர் ஓட்டினால் மண்ணில் புழு பூச்சி சாகும், கம்பியில் என்னடா சாகப்போகிறது என்றார். சொந்தக்காரர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வேலையை நான் விரும்பிச் செய்தேன். இது பொய்யில்லை. மரக்கிளை கம்பியில் உரசுவதற்கு முன்பே வெட்டுவேன். கம்பி தாங்கும் பீங்கான் கிண்ணங்களை மழைக்கு முந்தியே துடைக்கச் சொல்வேன். எந்தக் கம்பத்தில் எந்த முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எங்கள் ஆபீஸில் தடைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. கரண்ட் எப்போது போனது, எவ்வளவு நேரம், என்ன காரணம் என்று மாதாமாதம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். மற்ற செக்‌ஷன்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நான் ஒரு மாதம் ‘இல்லை’ என்று எழுதினேன். அடுத்த மாதமும் ‘இல்லை’. மூன்றாவது மாதம் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். எங்கள் ஆபீஸில் இன்ஸ்பெக்டர் உட்கார நாற்காலி போடுவது சாதாரண விஷயம் இல்லை.

ஊரிலும் மரியாதை ஏறியது. மேற்குத் தெருக்களில் பட்டு நூல் முறுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. ஒரு பட்டறையில் நூல் சுற்றும் கதிர் நூறு நூற்றைம்பது ஓடும். கரண்ட் சட்டென்று நின்றால் ஒவ்வொரு கதிரும் ஒவ்வொரு வேகத்தில் நிற்கும், நூல் அறுந்துபோகும். அப்புறம் அந்தப் பெண்கள் நாள் பூராவும் முடிச்சுப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும், முதலாளியிடம் திட்டும் வாங்க வேண்டும். அங்கே வேலை செய்யும் இந்திராணி என்ற அம்மாள் ஒரு நாள் ரோட்டில் என் சைக்கிளை நிறுத்தினாள். “நீ நல்லா இருக்கணும் சார். மூணு மாசமா முடிச்சே போடலை. என் கண்ணு தப்பிச்சுது” என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மதனவதியிடம் அதை இரண்டு தடவை சொன்னேன். மதனவதி என் மனைவி.

அந்தப் பதிவேட்டில் எனக்கு இடைஞ்சலாக இருந்தது ஒரே ஒரு நாள். தேர்.

தேர் எங்கள் கம்பியைவிட உயரம். தேரோடும் தெருவின் குறுக்கே கம்பி போகிற இடத்தில் எல்லாம் அன்று காலையில் அவிழ்த்து இறக்கிவிட்டு, தேர் தாண்டிய பின் ஏற்றிக் கட்டுவோம். என் செக்‌ஷனில் அப்படி ஒரு குறுக்கு உண்டு. கிழக்கே டிரான்ஸ்பார்மர். அங்கிருந்து கம்பி தேர்முனையைத் தாண்டி மேற்குத் தெருக்களுக்குப் போகிறது. முனையின் மேற்குக் கம்பத்தில் அவிழ்த்துக் கம்பியைக் கிழக்குப் பக்கம் இறக்கினால் மேற்கே அரை நாள் கரண்ட் கிடையாது. அது ஊருக்கே பழகிய விஷயம். அரை நாள் நூல் முறுக்காவிட்டால் குடியா முழுகிவிடும் என்று பட்டறையைச் சாத்திவிட்டுத் தேர் பார்க்கப் போவார்கள். யாரும் குறை சொன்னதில்லை. குறை எனக்குத்தான். பதினோரு மாதம் ‘இல்லை’ எழுதிவிட்டு வைகாசியில் மட்டும் ‘ஆறு மணி நேரம்’ என்று எழுத மனம் வரவில்லை.

மேற்குத் தெருக் கோடியில் என் கடைசிக் கம்பத்துக்கும் வேறொரு டிரான்ஸ்பார்மரின் கடைசிக் கம்பத்துக்கும் நடுவில் பத்தடிதான் இடைவெளி. மூன்று ஒயரில் இரண்டு முனையிலும் கொக்கி செய்து, மூங்கில் கழியால் தரையிலிருந்தே மாட்டிவிட்டால், அந்த டிரான்ஸ்பார்மரின் கரண்ட் என் கம்பிக்கு வந்துவிடும். ஒரு பக்கம் நின்றாலும் இன்னொரு பக்கம் கொடுக்கும். கொக்கி போட்டு கரண்ட் திருடுகிறவர்களைப் பிடிப்பது என் வேலை. அந்தக் கொக்கியை நானே செய்தேன், நன்றாகவே செய்தேன்.

இதில் வரிசை முக்கியம், ஐயா. முதலில் கிழக்கே பியூஸைப் பிடுங்க வேண்டும், முனையில் கம்பியை இறக்க வேண்டும், அதன் பிறகு மேற்கே கொக்கி மாட்ட வேண்டும். அப்படிச் செய்தால் நடுவில் முக்கால் மணி நேரம் மேற்கே இருட்டு. கொக்கியை முதலில் மாட்டிவிட்டால் ஒரு நிமிஷம்கூடப் போகாது. ஆனால் முனையில் கம்பி அவிழ்க்கிறவன் கையில் மேற்கிலிருந்து கரண்ட் வந்துகொண்டே இருக்கும். கிழக்கே பியூஸைப் பிடுங்கியது வீண்.

அறுபத்தொன்பதாம் வருஷத் தேருக்குக் கொக்கியை முதலில் மாட்டினேன். ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நானே ஏறி அவிழ்த்தேன், சாயங்காலம் நானே கட்டினேன். யாருக்கும் தெரியாது. அந்த மாதமும் ‘இல்லை’. எப்படி என்று இன்ஜினியர் கேட்கவில்லை. நல்ல செய்தியை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டினேன்.

எழுபதிலும் அப்படியே செய்வதாகத்தான் இருந்தேன். விடியற்காலை கொக்கி மாட்டிவிட்டு முனைக்கு வந்தேன். ஏழரை மணிக்கு இன்ஜினியர் குடும்பத்தோடு தேர் பார்க்க வந்து, அந்த முனையிலேயே நிழலாகப் பார்த்து நின்றுவிட்டார். அவர் எதிரில் நான் எப்படி ஏறுவது? லைன்மேனை வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஏன் ஏறுகிறான் என்று கேட்பார். கேட்டால் ஒன்றிலிருந்து ஒன்று வெளியே வரும்.

சின்னப்பையன் அப்போதுதான் கிழக்கு டிரான்ஸ்பார்மரின் பியூஸ் பெட்டியிலிருந்து வந்து சேர்ந்தான். முசரவாக்கத்து ஆள். அவன் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். எள் என்றால் எண்ணெயாக நிற்பான். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, சட்டப் புத்தகத்தில் கிடையாது. கம்பத்தில் ஏறுகிறவன்தான் பெட்டியைத் திறந்து மூன்று பியூஸ் கட்டையையும் தன் கையால் பிடுங்க வேண்டும். அவற்றை இடுப்புத் துண்டின் மடியில் முடிந்துகொண்டுதான் ஏற வேண்டும். அடுத்தவன் கையில் கொடுக்க மாட்டார்கள், கூடப் பிறந்தவனாக இருந்தாலும். மடியில் மூன்றும் இருந்தால் கம்பியில் ஒன்றும் இல்லை. டெஸ்ட் விளக்குகூடப் பிடித்துப் பார்க்க மாட்டார்கள். அது அவர்களுக்கு வேதவாக்கு. சின்னப்பையன் மடியைத் தட்டிக் காட்டிவிட்டு, “தூங்கிக்கினு இருக்குது சார்” என்றான். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொல்வான்.

தேர் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. மேற்குக் கோடிக்கு சைக்கிளில் ஆறு நிமிஷம். போய்க் கொக்கியைக் கழற்றிவிட்டு வர பன்னிரண்டு நிமிஷம். நேரம் போதவில்லை என்று நான் விசாரணையில் சொன்னதில்லை, யாரும் கேட்கவில்லை. எனக்கே நான் சொல்லிக்கொண்டதுதான் அது. நேரம் இருந்தது. பதிவேட்டில்தான் இடம் இல்லை.

கையுறையை அவனிடம் நீட்டினேன்.

“இன்னிக்கு இதைப் போட்டுக்கினு ஏறு.”

“மூணும் மடியில இருக்குது சார். இது எதுக்கு?”

“ஆபீசர் பார்க்கிறாருப்பா. போட்டுக்கோ.”

சிரித்தான். “ஓ, ஷோவுக்கா சார்” என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டான். என் மனதில் நான் என் கடமையைச் செய்துவிட்டேன். கையுறை போட்டால் ஒன்றும் ஆகாது, போன வருஷம் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே.

ஏறினான். வைகாசி வெயில். தடித்த ரப்பர், உள்ளே வேர்வை. கட்டுக்கம்பி முடிச்சு சின்னது, அந்த விரல்களுக்குப் பிடி கிடைக்கவில்லை. நான்கு தடவை முயன்றான். அதற்குள் மேளச் சத்தம் கிட்டத்தில் கேட்டது. இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

“சார், இத்தப் போட்டுக்கினு முடிச்சு அவுக்க வரலை. கழட்டிடட்டா?”

ஐயா, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அவன் கேட்டான். தானாகக் கழற்றவில்லை. கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும்வரை மேலே காத்திருந்தான். ‘கழற்றாதே, கரண்ட் இருக்கிறது’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், எல்லாப் பியூஸும் மடியில் இருக்கும்போது கரண்ட் எங்கிருந்து வந்தது என்று இன்ஜினியர் கேட்பார். அதை நான் நினைத்தேன். முழுவதும் நினைத்து முடிக்கிற அளவுக்கு நேரம் இருந்தது.

“உன் இஷ்டம்பா” என்றேன்.

கையுறை இரண்டும் என் காலடியில் வந்து விழுந்தன. குனிந்து எடுத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவன் கை கம்பியில் ஒட்டியிருந்தது.

பக்கத்தில் வயர்மேன் முனுசாமி நின்றிருந்தான். கொக்கி வழியாகக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்த அந்த இன்னொரு டிரான்ஸ்பார்மரின் கம்பி சுற்றிக்கொண்டு மேற்குக் கோடிவரை போனாலும், டிரான்ஸ்பார்மர் நாங்கள் நின்ற முனையிலிருந்து ஐம்பதடிகூட இல்லை, அதன் பெட்டிச் சாவி முனுசாமி இடுப்பில் இருந்தது. ‘அந்தப் பெட்டியைத் திறந்து பிடுங்குடா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் அப்புறம், சம்பந்தமில்லாத பெட்டியை ஏன் பிடுங்கச் சொன்னாய் என்று ஆயிரம் பேர் எதிரில் கேள்வி வரும். நான் முனுசாமியிடம், “யாரையும் கம்பத்தைத் தொட விடாதே, நான் போய் கரண்டை நிறுத்திட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினேன். கூட்டத்தில் நான் கிழக்கே போனேனா மேற்கே போனேனா என்று யாரும் பார்க்கவில்லை. வேகமாகத்தான் போனேன். அதில் ஒளிவு மறைவு இல்லை.

மூங்கில் கழியைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். அதில் எறும்பு சாரி ஏறிக்கொண்டிருந்தது. கழியைச் சுவரில் மெதுவாகத் தட்டினேன். ஒரு தடவை தட்டினால் முழுதும் போகாது. மூன்று தடவை தட்டி, கை வைக்கும் இடத்தை வாயால் ஊதிவிட்டு, அப்புறம்தான் எடுத்தேன். சின்ன வயசுப் பழக்கம், கை தானாகச் செய்தது என்று சொல்லலாம். ஒரு உயிரும் நசுங்கவில்லை. இதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

கொக்கிகளைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, அங்கிருந்த கிணற்றில் போட்டேன்.

திரும்பி வந்தபோது அவனை இறக்கி இட்லிக் கடை கிருஷ்ணம்மாள் கடை வாசலில் கிடத்தியிருந்தார்கள். மூச்சு இல்லை. நான் மண்டியிட்டு உட்கார்ந்து, மூச்சுக்கு வசதி செய்வதுபோல இடுப்புத் துண்டைத் தளர்த்தினேன். மடியில் மூன்று கட்டையும் இருந்தன. ஒன்றை எடுத்து என் துண்டுக்குள் மறைத்துக்கொண்டேன். துணி அவன் வேர்வையில் நனைந்திருந்தது. எழுந்து இன்ஜினியரிடம் போய் அந்தக் கட்டையைக் காட்டினேன்.

“கிழக்குப் பெட்டியில இருந்துச்சு சார். ரெண்டுதான் எடுத்திருக்கான். ஒண்ணை வுட்டுட்டான்.”

அவர் சின்னப்பையன் மடியில் பார்த்தார். இரண்டு இருந்தன. “குடிச்சிருந்தானா?” என்று கேட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. முசரவாக்கத்துக் காலனி ஆள், திருவிழா நாள், கை தப்பிவிட்டது. அவர் மனம் தானாக அங்கே போனது. அதற்கு மேல் நான் பெரிதாக ஒன்றும் பொய் சொல்லத் தேவைப்படவில்லை.

“கண்ணு சிவந்திருந்துச்சு சார்” என்றேன்.

சிவந்துதான் இருந்தது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து விடிய விடியப் பந்தல் விளக்கு வேலை பார்த்திருந்தான். அனுப்பியவன் நான்.

அன்று மேற்கே கரண்ட் வர பத்து மணி ஆனது. தடைப் பதிவேட்டில் ‘இரண்டு மணி பத்து நிமிஷம், ஊழியர் கவனக்குறைவு’ என்று எழுதினேன். எழுதும்போது எனக்குச் சங்கடமாக இருந்தது. எதற்காக என்று இப்போது தெரிகிறது. இரண்டு மணி பத்து நிமிஷத்துக்காக. வீட்டுக்குப் போய், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டேன். பசித்தது.

மேரி முதல் தடவை என் வீட்டுக்கு வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் முடிந்து. வேலையில் இறந்தவன் மனைவிக்கு ஆபீஸில் பெருக்கும் வேலையாவது கொடுப்பார்கள். குடித்துவிட்டு ஏறியவன் என்று பதிவாகிவிட்டால் கிடையாது. அதைத்தான் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“வேலை குடுக்காட்டி போகுது சார். வயக்காட்டுக்குப் போய் பொழச்சிக்குவேன். குடிச்சாருன்னு எழுதி வெச்சிருக்காங்களே, அத்த மட்டும் அழிச்சுடச் சொல்லுங்க. எம் புள்ளை நாளைக்கு அத்தப் படிப்பான் இல்ல? என்னைக் கட்டின நாள்லேருந்து ஒரு சொட்டு தொட்டதில்ல சார் அவரு. மூணு பியூஸும் மடியில இல்லாம ஏறவும் மாட்டாரு. ஊட்டுல பல்பு மாத்தறதுக்கே மெயினைப் புடுங்கி மடியில வெச்சிக்குவாரு சார். நாங்க சிரிப்போம்.”

மனு எழுதித் தரச் சொன்னார். “உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்குமாமே. நீங்க ஒருத்தர்தான் சார் அன்னிக்கு அவருக்காக ஓடினீங்க. சைக்கிள்ல பறந்தீங்களாம், முனுசாமி சொன்னாரு.”

எழுதினேன். நன்றாக எழுதினேன், ஐயா. அவர் சொன்னதைவிட நன்றாக. பல்பு மாற்றுகிற விஷயத்தைக்கூட விடாமல் சேர்த்தேன். அவர் எழுத்து கூட்டிப் படித்துவிட்டு அழுதார். மதனவதி மோர் கொடுத்தாள். பத்து நாள் கழித்து அந்த மனு, செக்‌ஷனின் கருத்துக்காக என் மேஜைக்கே வந்தது. என் வாதத்துக்கு நானே மறுப்பு எழுத வேண்டியதாயிற்று. எளிதாக இல்லை, மனு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. ‘மனைவியின் வாக்கு பாசத்தின்பாற்பட்டது, சாட்சியமாகாது’ என்று எழுதினேன். அந்த வரியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

இப்படி நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் இந்த முறையாவது மனு ஜெயித்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுவேன். ஒவ்வொரு தடவையும் அது ஜெயிக்காதபடி அறிக்கை எழுதுவேன். இரண்டிலும் நான் மனப்பூர்வமாகத்தான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் இப்போது நம்பவில்லை.

ஓரறிவு உயிரிலிருந்து ஐந்தறிவு உயிர்வரை, தெரிந்தோ தெரியாமலோ நான் துன்பம் கொடுத்த எல்லாவற்றிடமும் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். இந்த ஒரு வருஷமாக நான் ஒரு நாளும் விட்டதில்லை. செடியிடம் கேட்டேன், தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியிடம் கேட்டேன். முசரவாக்கம் என் வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம்கூட இல்லை.

விட்டுப்போன இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஏறுவதற்கு முன்னால் கம்பிகளின் மேல் இரும்புச் சங்கிலி வீச வேண்டும் என்பது விதி. கரண்ட் இருந்தால் அங்கேயே பொறி பறந்து காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் செக்‌ஷனுக்குச் சங்கிலி வரவே இல்லை என்று விசாரணையில் சொன்னேன். வந்தது. முந்தின நாள் நான்தான் அதை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன், இன்றும் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, முனையில் என் கம்பியிலிருந்தே கரண்ட் வாங்கும் கிருஷ்ணம்மாள் கடையில் ரேடியோ ஓயாமல் பாடும். அன்று விடியற்காலையிலேயே போய், சாமி வருகிற நேரத்தில் சினிமாப் பாட்டு வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னேன். “தேருக்குமா சார் பாட்டு கூடாது? நல்லா கேக்கறீங்க போங்க” என்று கேலி செய்துவிட்டு நிறுத்தினாள். கிழக்கே பியூஸ் பிடுங்கிய பிறகும் ரேடியோ பாடினால் ஆட்களுக்குத் தெரிந்துவிடும் அல்லவா. அன்று நீயே ஏறுவதாகத்தானே இருந்தாய், பிறகு அவர்களுக்குத் தெரிந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவன் ஏறலாம் என்று எனக்கு விடியற்காலையிலேயே தெரிந்திருக்கிறது. அதற்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

இவ்வளவு நாள் அறிக்கைகளில் சம்பவம், விபத்து என்றெல்லாம் எழுதி வந்திருக்கிறேன். நான் சின்னப்பையனைக் கொன்றேன். கொன்ற பிறகு அவன் மடியிலிருந்து எடுத்தேன். எடுத்த பிறகு அவனைக் குடிகாரனாக்கினேன். பதிவில் மாற்ற வேண்டியது இதுதான், இந்த வரிசையிலேயே மாற்றுங்கள். மேரியிடம் ஐந்தாவது மனு வாங்க வேண்டியதில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், கையெழுத்துக்காக இல்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மேரி கிளம்பும்போது வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்பார். “கடைசியா ஏதாவது சொன்னாரா சார்?”

“இல்லம்மா. தொட்ட நிமிஷமே போயிட்டார். அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது” என்பேன்.

“அதுவாவது நல்லதாப் போச்சு” என்று சொல்லி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு போவார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவர் தூங்குகிறார் என்று நினைக்கிறேன்.

அவன் சொன்னான், ஐயா. நான் சைக்கிளில் ஏறிக் கம்பத்தைத் தாண்டும்போது மேலேயிருந்து சொன்னான். கத்தவில்லை. பல் கட்டியிருந்தது, வார்த்தை நசுங்கித்தான் வந்தது. “சார், இருக்குது சார்” என்றான். கரண்ட் இருக்கிறது என்று மேலதிகாரிக்குத் தகவல் சொன்னான். எனக்குத் தெரியாது, தெரிந்தால் ஏதாவது செய்வேன் என்று நினைத்தான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்காமல் மிதித்தேன். மேற்குக் கோடி போய்ச் சேர ஆறு நிமிஷம், எறும்பைத் தட்ட அரை நிமிஷம். அவ்வளவு நேரம் அவன் என்னை நம்பிக்கொண்டு மேலே இருந்தான்.

மேரிக்கு இது தெரிய வேண்டும். அவருக்குச் சேர வேண்டியது இது, என்னிடம் இருக்கக் கூடாது. நீங்கள் அவரைக் கூப்பிட்டு இந்த வாக்குமூலத்தை முழுவதும் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு எந்த நாளைக் குறித்தாலும் எனக்குச் சம்மதம். அதற்கு முந்தின நாளிலிருந்து பதினைந்து நாள் நான் ஊரில் இருக்க மாட்டேன். விடுப்பு விண்ணப்பத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.